பிள்ளைகள் நடமாடும் இடமெல்லாம்: ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

மதுரை கோ.புதூரில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள், வேனில் பள்ளிக்குப் போய்வருகிறாள். மகனுக்கு மூன்றரை வயது, வருகிற ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். கோடை விடுமுறையில் இருவரையும் வாடிப்பட்டிப் பக்கத்தில் உள்ள மாமனார் ஊருக்கு அனுப்புவது வழக்கம். செய்தித்தாளைத் திறந்தாலே பயமாக இருப்பதால் இந்த ஆண்டு அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார். பள்ளியில், வீட்டில், விளையாடும் இடத்தில் எவற்றைத்தான் கவனிப்பது என்றும் கேட்கிறார். மதுரை மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுகாதார ஆய்வாளராக இருந்து, பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் ஏறி இறங்கிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில்: பிள்ளைகளை ஊருக்கு அனுப்புங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணமே தவறு. அடுப்பிலிருந்து இறக்கிவைத்த கஞ்சியும், குளியலறையில் நிரப்பிவைத்த வாளியும், கட்டிலுக்கடியில் தள்ளிவைத்த எலி மருந்தும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. குழந்தை இறந்த செய்தி ஒவ்வொன்றிலும் 'எதிர்பாராத விதமாக' என்ற ஒரு தொடரை நம் பத்திரிகைகள் தவறாமல் சேர்க்கின்றன. என் பணிக்காலத்தில் நான் விசாரித்த நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தால், அந்தத் தொடர் பொருந்தும் இடம் மிகக் குறைவு. மூடி துருப்பிடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுவர் சாய்ந்திருப்பது தெரிந்திருக்கும். 'பிள்ளைகளா, அந்தப் பக்கம் போகாதீர்கள்' என்று சொல்லியும் இருப்பார்கள். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் மூடியை மாற்றாமல் விட்டதுதான் பிழை. மூன்று வயதுக் குழந்தைக்கு எச்சரிக்கை என்பது ஒரு ஓசை மட்டுமே. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும், ஆனால் பந்து உருண்டோடும்போது மறந்துபோகும். ஆகவே, பிள்ளையைத் திருத்துவதற்கு முன் இடத்தைத் திருத்த வேண்டும் என்பதை வைத்தே இனி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் பகுதியில் நான் அதிகம் அஞ்சுவது அதைத்தான். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் செப்டிக் டேங்க் மூடி உடைந்து, உள்ளே விழுந்த எல்.கே.ஜி. குழந்தை இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், நம் மதுரையிலேயே, மழலையர் பள்ளி ஒன்றின் வளாகத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டும் பள்ளி வளாகத்துக்குள், பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் நடந்தவை. மகனைச் சேர்க்கப் பள்ளி பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்டுவார்கள். நீங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரைத்தொட்டியின் வாயும் செப்டிக் டேங்கின் வாயும் எங்கே இருக்கின்றன, மூடி எதனால் ஆனது, பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தகர மூடி இரண்டு மழைக்காலத்தில் ஓரம் அரித்துவிடும், அதுவும் செப்டிக் டேங்கின் ஆவி படும் அடிப்பக்கம் முதலில் அரிக்கும் என்பதால் மேலே வண்ணம் பூசிப் புதிதாய்த் தெரியும் மூடியைக்கூட நம்ப முடியாது. கான்கிரீட் மூடியோ கனமான வார்ப்பிரும்பு மூடியோ போட்டு, அதற்குக் கீழே கம்பி வலை ஒன்றையும் பொருத்திவிட்டால், தொட்டி கழுவ வந்தவர் மூடியைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போனாலும் குழந்தை உள்ளே போகாது. பெரிய செலவில்லை, ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு நாளில் முடிகிற வேலை.

இதையே உங்கள் வீட்டிலும் செய்யுங்கள். குழாயில் தண்ணீர் எல்லா நாளும் எல்லா நேரமும் வராத ஊர் நம்முடையது. அதனால் வீட்டுக்கு வீடு சம்ப், சிமென்ட் தொட்டி, டிரம், அண்டா என்று சேமித்து வைக்கிறோம். நடை பழகும் குழந்தைக்குத் தலை கனம், உடல் இலேசு. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்து எழ அதற்கு வலுவில்லை. அரை வாளித் தண்ணீர்கூட வேண்டியதில்லை, மூக்கும் வாயும் மூழ்கும் அளவு இருந்தாலே போதும். மூழ்கும் பிள்ளை கத்தும், கையைக் காலை உதறும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மூச்சுக்குத் திணறும் குழந்தைக்குக் குரலே எழும்பாது, அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பதும் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரமான இடத்தில் ஒரு தாழ்ப்பாள் வைப்பதும் அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

அதே மூடி இன்னொரு வேலையும் செய்யும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நாம் சேமித்து வைத்த தெளிந்த நீரில்தான் இடுகிறது. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாலே அந்தச் சுழற்சி அறுந்துவிடும். அந்தக் கொசு பகலில் கடிப்பது; ஆகவே பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கும் பள்ளியின் மொட்டைமாடியும் பழைய டயர்களும் உங்கள் வீட்டுத் தொட்டியளவுக்கு உங்கள் கவலைக்குரியவை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், ஐபுப்ரோபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகே தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். 'நேற்றோடு காய்ச்சல் நின்றுவிட்டது' என்று பள்ளிக்கு அனுப்பிய அன்று குழந்தை சோர்ந்து சுருண்டுகொள்வதும், விடாமல் வாந்தி எடுப்பதும், வயிறு வலிக்கிறது என்பதும், கைகால் சில்லிட்டுப்போவதும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

இனி ஊர்ப்பக்கம். வாடிப்பட்டி வட்டாரம் பெரியாறு பாசனக் கால்வாய் பாயும் பூமி. கிணறும் கண்மாயும் வாய்க்காலும் இல்லாத ஊர் கிடையாது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, அது மகனின் நெஞ்சுக்கு மேல் உயரமா, அதன் ஓரத்தில் ஏறி நிற்க வசதியாகத் துவைக்கும் கல்லோ உடைந்த கல்லோ கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்மாயைப் பற்றி ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு: 'நாங்கள் சின்ன வயதில் குளித்த கண்மாய்தானே, இடுப்பளவு ஆழம்தான்.' அவர்கள் குளித்த கண்மாய் வேறு. அப்போது தரை கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும். இப்போது வண்டல் மண்ணும் சவுடு மண்ணும் இயந்திரம் கொண்டு அள்ளப்பட்ட இடங்களில் சுவர்போல் செங்குத்தாக வெட்டிய குழிகள் இருக்கின்றன. மழைநீர் நிரம்பிய பிறகு மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், முழங்கால் நீரில் நடந்துபோகும் பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேல் போய்விடும். வைகையில் மணல் அள்ளிய பள்ளங்களும், மேலூர்ப் பக்கத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளும் இதே வகைதான். குவாரிகளில் ஏறிவரச் சரிவே கிடையாது என்பதால், நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே பிழைப்பது அரிது. மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆறேழு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் அது அவசியம்; ஆனால் நீச்சல் தெரியும் என்ற காரணத்துக்காகத் தனியே விடாதீர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து மூழ்கும் கொடுமை நடப்பது, முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற மற்றவர்கள் குதிப்பதால்தான். கரையிலிருந்து வேட்டியையோ துப்பட்டாவையோ கயிற்றையோ நீண்ட கம்பையோ நீட்டு, காலிக் குடத்தைத் தூக்கிப் போடு, குதிக்காதே, கத்தி ஆளைக் கூப்பிடு என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஒருமுறை செய்துகாட்டவும் வைக்க வேண்டும்.

நீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. அதனால் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும். உயிர்காக்கும் நிமிடங்களும் வீணாகும். மூச்சில்லை என்றால் தரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வாய் வைத்து நெஞ்சு எழும்பும் அளவுக்கு முதலில் இரண்டு முறை ஊத வேண்டும். அதன்பின் நெஞ்சின் நடுவில், அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், மறுபடி 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். படித்தால் மட்டும் இது கைவராது. பயிற்சி தரும் இடத்தில் ஒருமுறை பொம்மையின் மேல் செய்து பழகிக்கொள்ளுங்கள், உங்கள் மாமனாரையும் அழைத்துப் போங்கள்.

ஆழ்துளைக் கிணற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை வீட்டருகே இருந்த பயன்படாத குழாய்க் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பின் சடலமாக மீட்கப்பட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்தது. கைவிட்ட குழியை அடிமுதல் தரைமட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் எத்தனை அடி போட்டும் தண்ணீர் வராமல் போன குழிகள் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கின்றன. சாக்குப்பை கட்டிய குழியும் மேலே கல்லை வைத்த குழியும் மூடிய குழி ஆகாது. சாக்கு மக்கும், கல்லை யாரோ எடுத்துப் போவார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சுகளில் நான் முதலில் சொல்வது தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை. சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் எடுத்து அழுத்தினால் அது பிதுங்கி நேரே கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு காரப்பொருள் என்பதால் அமிலத்தைவிட ஆழமாகக் கருவிழியை அரித்து உள்ளே போகும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் நம்முடையது. ஆனால் இந்த விபத்தில் கண்ணைக் காப்பது நீங்கள் ஆட்டோ பிடிப்பதற்கு முந்தைய அரைமணி நேரம்தான். இமையை விரித்துப் பிடித்து, துகள்களை நனைத்த சுத்தமான துணியால் எடுத்துக்கொண்டே, குழாய்த் தண்ணீரைக் கண்ணில் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். பெட்டியைப் பரண்மேல் வைக்கும்படி மாமியாரிடம் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெயும் பினாயிலும் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கப்படுவது அடுத்தது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலே வந்து நுரையீரலுக்குள் போவதுதான் கொல்கிறது. பசைவடிவ எலி மருந்து இன்னும் வஞ்சகமானது. அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் காட்டாமல் இருந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். எனவே பிள்ளை நன்றாக விளையாடுகிறான் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊர்வேலியில் நிற்கும் காட்டாமணக்கின் விதை கடலைபோல் ருசிப்பதால் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து தின்று, கூட்டமாக வாந்தியும் பேதியுமாய் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மஞ்சள் பூப்பூக்கும் தங்க அரளியின் கொட்டை அதைவிடக் கொடியது, அது இதயத்துடிப்பையே குலைக்கும். பள்ளி வளாகத்திலும் கோயில் நந்தவனத்திலும் அழகுக்காக அதை வளர்க்கிறார்கள். சிறுவர் நடமாடும் இடத்தில் அது வேண்டாம் என்று நான் சொன்னபோதெல்லாம் சிரித்தவர்கள்தான் அதிகம்.

தீக்காயத்துக்கு ஒரே முதலுதவி தண்ணீர். குழாயடியில் 20 நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி எடுத்துப் போங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு ஆகியவற்றில் எது தடவினாலும் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகே காயத்தைப் பார்க்க முடியும். கடலை, பொரிகடலை, திராட்சை ஆகியவற்றை நான்கு வயதுவரை முழுசாகக் கொடுக்காதீர்கள். பொம்மைக்குள்ளும் ரிமோட்டுக்குள்ளும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். சில்லறைக் காசு விழுங்கியதைப்போல 'தானாக வெளியே வந்துவிடும்' என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

ஊரில் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும், கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. காலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் பாம்புக்கடி என்றே சந்தேகிக்க வேண்டும். கட்டிலும், ஓரங்களைப் படுக்கைக்கடியில் செருகிய கொசுவலையும் இருந்தால் பெரும்பகுதி ஆபத்து நீங்கும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய்க்கடியைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் நாள், பின்னர் 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், உடனடியாக எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். இவ்வளவும் இலவசமாகக் கிடைத்தும் பிள்ளைகள் ரேபிஸில் இறப்பது ஏன்? நான் விசாரித்த ஒரு நிகழ்வில், பத்து வயதுப் பையன் நாய் பிராண்டியதை வீட்டில் சொல்லவே இல்லை. தெருவில் நாயைச் சீண்டியதற்கு அப்பா அடிப்பார் என்று டவுசருக்குள் மறைத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டு நடுங்கியபோதுதான் தெரியவந்தது. அந்த நோய் வெளிப்பட்ட பிறகு மருத்துவத்தால் செய்வதற்கு ஏதுமில்லை. அவன் சொல்லியிருந்தால் நான்கு ஊசியோடு முடிந்திருக்கும். அன்றிலிருந்து பெற்றோர் கூட்டங்களில் நான் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடியைப் பற்றித்தான் பேசினேன். காசை விழுங்கியதையும், மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதையும், வேன் ஓட்டுநர் தொட்ட விதம் பிடிக்கவில்லை என்பதையும் ஒரு பிள்ளை சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் ஒன்றேதான்: சொன்னால் முதலில் விழுவது தன் முதுகில் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே பாலியல் தொல்லையைத் தனிப் பாடமாக நான் பிரிக்க விரும்பவில்லை. உடலின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது என்று மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் உறுப்புகளின் பெயர் சொல்லி, குளிப்பாட்டும்போதே இயல்பாகக் கற்றுக்கொடுங்கள். தொடுபவர் பெரும்பாலும் அந்நியராக இருப்பதில்லை. பிள்ளைக்குத் தெரிந்தவராக, நீங்கள் 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று சொல்லக்கூடியவராக இருப்பார். கொடுக்க மாட்டேன் என்று குழந்தை பின்வாங்கினால் விட்டுவிடுங்கள், விருந்தாளி வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் அதற்கு இணங்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களை மகளின் நோட்டில் எழுதிவையுங்கள். ஆசிரியர் அடிப்பதும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதுதான். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சார்' என்று வாத்தியாரிடம் ஒப்படைத்த காலத்துப் பெருமையை இனி பேசாமல் இருப்பது நல்லது.

பள்ளிக்கு வருகிறேன். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக்கூரையில் தீப்பிடித்ததால். அதற்குப்பின் கீற்றுக்கொட்டகைகள் மறைந்தன, அது நல்லதே. ஆனால் அன்று பிள்ளைகள் தப்ப முடியாமல் போனதற்கு வெளியேறும் வழியின் குறுக்கமும் காரணம் என்பது மறந்துவிட்டது. இன்று கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாவது மாடிப்படிக்குப் போனால் கிரில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடிவிடாமலிருக்கவாம். சாவி யாரிடம் என்று கேட்டால் 'அலுவலகத்தில்' என்பார்கள். அந்தச் சாவியைப் பற்றிக் கேளுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நினைவில் வைத்து, தனியே நிற்கும் சுவர்களைப் பாருங்கள். மழைக்காலத்துக்குப் பின் வடகிழக்குப் பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை.

கழிப்பறையை வேறொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். நாற்றத்துக்கும், உடைந்த தாழ்ப்பாளுக்கும் பயந்து பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அதன் விளைவாக வரும் சிறுநீர்த் தொற்றையும் மலச்சிக்கலையும் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் அலைவார்கள். மாலையில் மகளின் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால், 'ஏன் குடிக்கவில்லை' என்று திட்டாமல், பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் குடிக்கத் தனியாக மணியடிக்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது, ஆனால் போகச் சரியான இடமில்லாமல் குடிக்க மட்டும் மணியடித்துப் பயனில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்று ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கப்பட்டது. காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அதன் அருமை தெரியும். தனியார் பள்ளிக்கு ஏழு மணி வேனைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள்தான் இப்போது வெறும் வயிற்றோடு போகிறார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒருமுறை மென்று விழுங்கினால் போதும். கோடையில் பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கால் பொட்டலம் என்று குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடி, நன்மைக்குப் பதில் தீமை வரும்.

வேனில் பார்க்க வேண்டியது உதவியாளர் இருக்கிறாரா என்பது. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகே, அதே ஆண்டில், பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன் ஆய்வு செய்கிறார்கள். ஆனால் ஆய்வில் சிக்காத ஒரு விபத்து உண்டு, அது உங்கள் வீட்டுக்கு நேரே பொருந்துவது: அக்கா வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்துத் தம்பி கேட்டைத் தாண்டி ஓடிவருவான். வேனின் முன்சக்கரத்தருகே நிற்கும் மூன்றடி உயரப் பிள்ளையை ஓட்டுநரால் பார்க்கவே முடியாது. வேன் வரும் நேரத்தில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், அது நகர்ந்த பிறகே இறக்கிவிடுங்கள். இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். அதற்குட்பட்டவர்களை, ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் அணிவித்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார்ந்து வரும் பிள்ளைதான் மோதலில் முதலில் தூக்கியெறியப்படும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் விளையாட்டில் முழங்கால் சிராய்ப்பது பிள்ளை வளர்வதன் ஒரு பகுதி. கிட்டிப்புள், வில் அம்பு, பட்டாசு ஆகிய மூன்றிலும் கண்ணைக் கவனித்தால் போதும். கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூல் கூடவே கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்தின் நடுவுக்குப் போகாமல், ஏதாவதொரு மண்டகப்படியில் தள்ளி நின்று பாருங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். சட்டைப்பையில் வைத்த சீட்டு, தண்ணீர் பீய்ச்சுபவர்களிடம் மாட்டினால் கூழாகிவிடும்.

ஊருக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பாக, பிள்ளைகள் இல்லாமல், நீங்களும் உங்கள் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். மாமனாரிடம் தோட்டத்தில் தண்ணீர் வராமல் விட்ட போர் எத்தனை, எங்கெங்கே என்று கேளுங்கள். 'நாற்பது வருஷமா பிள்ளை வளர்த்த வீடும்மா இது' என்று அவர் கோபித்துக்கொள்ளக்கூடும். மறுத்துப் பேசாமல், மகனுடைய உயரத்துக்கு முட்டிபோட்டு உட்கார்ந்து வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், அப்படி உட்கார்ந்து பார்த்த தாத்தாக்கள் அன்று மாலைக்குள் ஒரு டிராக்டர் மண்ணுக்குச் சொல்லிவிடுவார்கள்.